ராசியில்லாத ரசிகன்

பள்ளியில் ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறவன் நான்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. வகுப்புக்கு ஒருவன் அப்படி மிஞ்சித்தானே ஆகவேண்டும்? ஆனால் ஓரமாக உட்கார்ந்து கை தட்டும் வேலையிலும் தேறாமல் போவேன் என்று எதிர்பார்க்கவில்லை. சாட்சி வேண்டுமென்றால் 2023ஆம் ஆண்டையும், அந்த வசந்தத்தில் ஆட ஆரம்பித்துக் கோடை பிறப்பதற்குள் இல்லாமல் போன ‘ஆல்பனி எம்பயர்’ என்ற அணியையும் அழைக்கிறேன்.

ஆல்பனி நியூயார்க் மாநிலத்தின் தலைநகர். நியூயார்க் என்றதும் ஊரில் இருப்பவர்கள் வானளாவிய கட்டடங்களை நினைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார்கள். நான் திருத்துவதில்லை. அந்தக் கட்டடங்களுக்கும் எனக்கும் நடுவே இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம் இருக்கிறது. ஆல்பனி அரசு அலுவலகங்களின் ஊர். என்னைப் போன்ற தமிழர்கள் பலர் ஏதாவது ஒரு மாநிலத் துறைக்குக் காண்ட்ராக்டில் கணினி வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை லவுடன்வில் கோவிலுக்குப் போய் வந்து, ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். ஊருக்கென்று பெரிய லீக்கில் ஆடும் அணி எதுவும் கிடையாது. தேசியக் கால்பந்து லீக் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் நியூ ஜெர்சிக்கோ பஃபலோவுக்கோ ஓட வேண்டும். டிக்கெட் விலையைக் கேட்டால் என் மனைவி ஒரு மாதத்து மளிகையை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

இந்த ஏழை ரசிகனுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது போன்றது உள்ளரங்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு, எதிரே வருபவனை இடித்துத் தள்ளி ஓடுகிற அதே அமெரிக்க ஆட்டம்தான். ஆனால் கூரைக்குக் கீழே. ஜிம் ஃபாஸ்டர் என்பவர் 1981இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த பழுப்பு உறை மேலேயே இதற்குப் படம் போட்டார். ஐஸ் ஹாக்கித் தளம் எந்த ஊரிலும் இருக்கிறது. அந்த இடத்துக்குள் இந்த ஆட்டத்தை அடைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நூறு கஜ மைதானம் 50 கஜமாகச் சுருங்கியது, அகலம் 85 அடி. பக்கத்துக்குப் பதினொரு பேர் என்பது எட்டுப் பேரானது. எல்லைக்கோடு இருக்கவேண்டிய இடத்தில் மெத்தை வைத்த சுவர். கோல் கம்பத்துக்கு இருபுறமும் உயரமான வலை கட்டி, அதில் பட்டுத் திரும்பும் பந்தையும் ஆட்டத்திலேயே சேர்த்துக்கொண்டார். 1987இல் நான்கு அணிகளோடு அரீனா ஃபுட்பால் லீக் தொடங்கியது. உறைகளின் பின்பக்கத்தில் நானும் எழுதுவதுண்டு. பெரும்பாலும் கொத்தமல்லி, தயிர்.

இடம் சிறியது என்பதால் புள்ளிகள் கொட்டும். எதிராளியின் சுவரோ நாலு எட்டில். வேகமாக ஓடி வருகிற ஆள் சில சமயம் சுவரைத் தாண்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மடியில் விழுவார். கூட்டத்துக்குள் வந்து விழும் பந்தைப் பிடித்தவரே வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது இந்த ஆட்டத்தின் பழைய மரபு. இந்த வசதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் மானம் போன இடம் அது.

ஆல்பனிக்கும் இந்த ஆட்டத்துக்கும் பழைய உறவு. 1990இலிருந்து ‘ஃபயர்பேர்ட்ஸ்’ என்ற அணி இங்கே ஆடியது. 1999 இறுதி ஆட்டத்தில் ஆர்லாண்டோவை 59–48 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. 2000 சீசனோடு மூட்டை கட்டிக்கொண்டு இண்டியானாவுக்குப் போய்விட்டது. பல வருடம் கழித்து 2018இல் எம்பயர் வந்தது. மறு வருடமே, 2019 ஆகஸ்டில், பிலடெல்பியாவை 45–27 என்று சொந்த ஊரிலேயே தோற்கடித்து சாம்பியன். அந்த வருடம் முடிவதற்குள் லீக்கே திவாலாகிக் கடையைச் சாத்தியது. கோப்பையைத் துடைத்து வைக்கக்கூட அவகாசம் தரவில்லை. ஆல்பனி அசரவில்லை. 2021இல் நேஷனல் அரீனா லீக் என்ற வேறொரு லீக்கில் அதே பெயரில் புது அணி வந்து, 2021, 2022 இரண்டு வருடமும் கோப்பையை வாங்கியது.

இவ்வளவும் என் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் நடந்திருக்கிறது. 2019 இறுதி ஆட்டத்துக்கு, அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கிறது என்று கூப்பிட்டார். ஆல்பனியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்; ஃபயர்பேர்ட்ஸ் காலத்திலிருந்து ஒரு ஆட்டத்தையும் விடாதவர். அன்றைக்கு ஒரு வளைகாப்பு இருந்தது. “அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறேன்” என்றேன். அடுத்த வருடம் லீக்கே இல்லை. 2021இலும் 2022இலும் அவர் கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். என் வளைகாப்புகளுக்கும் கிரகப்பிரவேசங்களுக்கும் ஓய்வு கிடைத்து நான் ரசிகனாகக் களமிறங்கியது 2023இல். பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவன் நான்.

என்னை இழுத்தது ஆட்டமில்லை, ஆன்டோனியோ பிரவுன். அந்த மார்ச் மாதம் அவர் அணியில் பங்குதாரராக வந்தார், கொஞ்ச நாளிலேயே பெரும்பங்கும் அவர் கைக்குப் போனது. தேசியக் கால்பந்து லீக்கின் 2010 ஆட்டக்காரர் தேர்வில் ஆறாவது சுற்றுவரை யாரும் சீண்டாமல் 195ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, பிட்ஸ்பர்க் அணியில் ஆடி ஏழு முறை நட்சத்திர அணியில் இடம்பிடித்தவர். 2022 ஜனவரியில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூட்டத்துக்குக் கையசைத்தபடி மைதானத்தை விட்டு வெளியேறியவரும் அவரே. எனக்குப் பிடித்தது இன்னொரு சங்கதி. அவருடைய அப்பா எடி பிரவுன், பழைய ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸின் நாயகன். 2006இல் அரீனா லீக் வரலாற்றிலேயே தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அப்பா ஓடிய அதே அரங்குக்கு மகன் முதலாளியாக வருகிறான். இதைவிட நல்ல கதையை நம் ஊர்த் தயாரிப்பாளரிடம் சொன்னால் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பார். பக்கத்து மேசைக்காரர் மட்டும் மகிழவில்லை. எடியைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுகிறவர், மகனைப் பற்றிக் கேட்டால் கணினித் திரையைப் பார்த்துக்கொள்வார். நான் விடவில்லை. ஒரு பிரபலம் வந்தால் ஊருக்கே எப்படி வெளிச்சம் வரும் என்று, முப்பது வருடமாக ஆட்டம் பார்க்கிறவருக்கு, ஒரு ஆட்டமும் பார்க்காத நான் பாடம் எடுத்தேன்.

குடும்ப வாட்ஸப் குழுவிலும் அறிவித்தேன்: “எங்க டீம், ரெண்டு வருஷமா சாம்பியன்.” இந்த ‘எங்க’ எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஐ.பி.எல். உச்சத்தில் இருந்த நேரம் அது. இனிமேல் கிரிக்கெட்டை விட்டுவிட்டேன், பிழைக்க வந்த ஊரின் அணிதான் என் அணி என்று கூடுதலாக ஒரு சபதமும் போட்டேன். மே 29 இங்கே மெமோரியல் டே விடுமுறை. அகமதாபாத்தில் மழைக்குப் பிறகு பதினைந்து ஓவராகச் சுருங்கிய இறுதி ஆட்டம். மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா சிக்ஸரும் ஃபோரும் அடித்தபோது நான் செல்போனோடு குளியலறைக்குள் உட்கார்ந்திருந்தேன். “என்னங்க, உள்ள விழுந்துட்டீங்களா?” என்று மனைவி கதவைத் தட்டினாள். அப்படியோர் அலறல்.

அந்த சீசனில்தான் மாமனாரும் மாமியாரும் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். மாமியாருக்கு அடுப்படி, பேரன், வாஷிங்டன் பார்க்கின் ட்யூலிப் பூக்கள் என்று பொழுது போய்விட்டது. மாமா பாவம், ஜன்னலுக்கும் சோஃபாவுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவரை ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் விதிமுறைகளை விளக்கினேன். முந்தின நாள் இரவு படித்தது. நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பதுவரை சரியாகச் சொன்னேன். அதற்கு மேல் சொன்னதெல்லாம் என் சொந்தச் சட்டம்.

ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே நான் எழுந்து “ஃபவுல்! ஃபவுல்!” என்று கத்தினேன். பந்து கைமாறுவதற்கு முன்பே எங்கள் எதிரணியில் ஒருவன் முன்னால் ஓடி வந்துவிட்டான். யாரும் என்னோடு சேர்ந்து கத்தவில்லை. முன் வரிசையில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார், பேருந்தில் தூங்கி விழுகிறவரைப் பார்ப்பதுபோல.

மாமா மெதுவாகச் சொன்னார்: “மாப்ள, அவன் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வர்றான். ஒருத்தன் மட்டும் வரலாம் போல. நம்மாளுங்கள்லயும் ஒருத்தன் வர்றான் பாருங்க.”

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் விதி அதேதான். அரீனா ஆட்டத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் முன்கூட்டியே முன்னோக்கி ஓட்டமெடுத்து வரலாம். பெரிய மைதான ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு அது. மாமா வாலிபத்தில் ஊர் கபடி அணியில் ஆடியவர். ஆங்கிலத்தில் ‘தேங்க்யூ’ தவிர எதுவும் பேசாத மனிதர், யார் எதற்காக எங்கே நிற்கிறான் என்பதைக் கால் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். இடது கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு பையனைத்தான் ஆட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தடுப்பு வரிசையில் நிற்பவன், பந்தைத் தொடும் வேலையே இல்லாதவன். “ஒத்தைக் கையில தாங்கறான் மாப்ள. இவன் நகந்தா பின்னால இருக்கறவன் செத்தான்” என்றார். நான் “ம்” என்றேன்.

நான் அப்போது ஆன்டோனியோ பிரவுனைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடி அறைகளிலெல்லாம் பார்த்தேன், அணியின் பெஞ்சைப் பார்த்தேன். எதிர்ப்பக்கப் படிகளில் நல்ல உயரமாக ஒருவர், கூட்டத்துக்குக் கையை ஆட்டியபடி இறங்கி வந்தார். இவரேதான் என்று செல்போனைப் பெரிதாக்கி ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன்: “எங்க ஓனரோட.” ‘ஓட’ என்பதில் நடுவே ஐம்பது கஜ மைதானம் இருந்தது. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் இரண்டு நிமிடத்தில் பதில் போட்டான்: “சித்தப்பா, அவர் கழுத்துல பாப்கார்ன் தட்டு தொங்குது.”

அதை நான் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பந்து வந்தது. எங்கள் ஆள் எறிந்தது எட்டாத உயரத்தில் போய், சுவரைத் தாண்டி, சுழன்றுகொண்டே நேரே என் முகத்துக்கு. அதை இன்றைக்கும் மெதுவாக ஓட்டிப் பார்க்க முடிகிறது. வாழ்நாளில் எந்த விளையாட்டிலும் எந்தப் பந்தும் இவ்வளவு பொறுப்பாக என்னைத் தேடி வந்ததில்லை. ஒரு கையில் செல்போன், ஒரு கையில் நாச்சோஸ். இரண்டையும் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு குனிந்தேன். பந்து பின்வரிசை நாற்காலியில் மோதி எகிறி, எட்டு வயதுகூட இருக்காது, ஒரு சிறுமியின் கையில் போய் உட்கார்ந்தது. அரங்கமே கை தட்டியது. உருகிய சீஸ் என் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“புடிக்க வேண்டிய எடத்துல கும்பிடு போட்டுட்டீங்களே மாப்ள” என்றார் மாமா. வேறு எந்த மாமனாராக இருந்தாலும் ஊருக்குப் போன பிறகுதான் சொல்லியிருப்பார்.

அந்த அணி ஆடிய கதையை நீங்கள் என்னிடம் கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எத்தனையோ பேர் என் கண்ணுக்கு முன்னால் சுவரில் மோதி எழுந்தார்கள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. இந்த மாதிரி லீக்கில் ஆட்டத்துக்குச் சில நூறு டாலர்தான் கிடைக்கும். மீதி நாளில் வேறு வேலைக்குப் போய்க்கொண்டு, என்றைக்காவது பெரிய லீக்கிலிருந்து தொலைபேசி வரும் என்று ஆடுகிறவர்கள். வந்தும் இருக்கிறது. கர்ட் வார்னர், அயோவாவில் ஒரு மளிகைக் கடையில் மணிக்கு ஐந்தரை டாலருக்கு இரவெல்லாம் அலமாரி அடுக்கியவர். 1995இல் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற அரீனா அணிக்குப் போய், 2000 ஜனவரியில் சூப்பர் பவுல் ஆட்ட நாயகன் ஆனார். கையில் கட்டுப் போட்ட பையன் மனத்தில் அந்தக் கதைதான் ஓடியிருக்கும். நான் அவனை விட்டுவிட்டு பாப்கார்ன்காரரைப் படம் எடுத்தேன்.

சீசன் போன போக்கைப் பத்திரிகைகள் தினமும் எழுதின. வீரர்கள் விலகினார்கள், பயிற்சியாளர்கள் மாறினார்கள், சம்பளம் பற்றிப் பேச்சு அடிபட்டது. அணி ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அதை நான் பார்க்கவில்லை என்று சொல்லவே வேண்டாம். எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. அதற்கு ஆதாரமாக முழு விலை கொடுத்து ஒரு தொப்பி வாங்கினேன். ஜூன் 15 அன்று, லீக்குக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டவில்லை என்று சொல்லி ஆல்பனி எம்பயரை லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இரண்டு வருட சாம்பியன், பாதி சீசனில் காலி.

பக்கத்து மேசைக்காரர் மறுநாள் காலை வந்து, ஒன்றும் சொல்லாமல், என் மேசையில் ஒரு காபி வைத்துவிட்டுப் போனார். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி. உண்மையில் துக்கம் அவருக்கு. எனக்கு இருந்தது வெறும் வெட்கம். குடும்பக் குழுவில் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. அண்ணன் மகன் ஜடேஜா படத்தைப் போட்டு, “உங்க டீம் எப்படி சித்தப்பா போகுது?” என்று கேட்டிருந்தான். தெரிந்துதான் கேட்டிருப்பான்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. “நம்ம சென்னை டீமையுந்தான் ரெண்டு வருஷம் ஒக்கார வெச்சாங்க. திரும்பி வந்து ஜெயிக்கல? ஊர்ல ஆளுங்க இருந்தா டீம் வரும் மாப்ள” என்றார். பிறகு, “அந்தக் கைக்கட்டுப் பையனுக்கு வேற எங்கயாச்சும் எடம் கெடைக்குமா?” என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பெயர் தெரியாமல் எங்கே பார்ப்பது? ஊருக்குத் திரும்பும்போது தொப்பியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அது இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கைத் தோட்டத்தில் வெயிலுக்கு உதவிக்கொண்டிருக்கிறது.

மாமா வாக்குப் பலித்தது. 2024இல் பழைய அரீனா லீக்கையே பதினாறு அணிகளோடு உயிர்ப்பித்தார்கள். ஆல்பனி அணிக்கு மறுபடியும் ஃபயர்பேர்ட்ஸ் என்று பெயர். இந்த முறை நான் உஷார். பணம் எங்கிருந்து வருகிறது, யார் பின்னால் இருக்கிறார்கள் என்று துருவித் துருவிப் படித்து, இது தேறாது என்று ஒரு முடிவுக்கு வந்து, பக்கத்து மேசைக்காரரிடமும் சொன்னேன். ஏப்ரல் கடைசியில் சீசன் தொடங்கியது. சில வாரத்துக்குள்ளேயே அணிகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. ஆணையரே மாறி, தேசியக் கால்பந்து லீக்கின் முன்னாள் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் பொறுப்பேற்று, மிஞ்சிய அணிகளைத் திரட்டி மீதி ஆட்டங்களை நடத்தினார். என் கணிப்பு பலித்துவிட்டது என்று அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். என் கணிப்பில் ஒரே ஒரு ஓட்டை: மிஞ்சிய அணிகளில் ஆல்பனியும் இருந்தது. மிஞ்சியது மட்டுமில்லை, ஜெயித்துக்கொண்டே போனது. அரங்கத்தில் நான் இல்லாத வாரமெல்லாம் பக்கத்து மேசைக்காரர் திங்கட்கிழமை முகம் மலர்ந்து வந்தார்.

அணி இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றதும் எனக்குச் சபலம் தட்டியது. “எனக்கும் ஒரு டிக்கெட் சொல்லுங்களேன்” என்றேன். ஐந்து வருடமாக என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்த மனிதர், நாற்காலியை என் பக்கம் திருப்பி, பக்குவமாகச் சொன்னார்: “நீ வராமல் இருந்தால் அந்த டிக்கெட் காசை நான் உனக்குத் தருகிறேன்.”

நான் போகவில்லை. ஃபயர்பேர்ட்ஸ் அந்த இறுதி ஆட்டத்தில் பில்லிங்ஸ் அணியிடம் தோற்றது. அடுத்த வேலை நாள் அவர் நேரே என் மேசைக்கு வந்து, “ஆட்டத்தைப் பார்த்தாயா?” என்று கேட்டார்.

“கடைசிக் கொஞ்ச நேரம் மட்டும்தான், செல்போனில்” என்றேன்.

ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.